நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

விருந்து நடக்கிறது. வெள்ளித் தட்டுகள் மின்னுகின்றன; பளிங்குக் கோப்பைகளிலே மது ததும்புகிறது. பெரியவர்கள் பேசுகிறார்கள் — போரைப் பற்றி, வரியைப் பற்றி, வாணிபத்தைப் பற்றி, அடிமைச் சந்தையின் நிலவரத்தைப் பற்றியும்கூட! பேச்சு இவ்வளவும் நடக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான். அவனுக்குக் கண் உண்டு, காது உண்டு, கருத்தும் உண்டு. ஆயினும், விருந்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்று மறுநாள் கேட்டால், அந்தக் கணக்கிலே அவன் வரமாட்டான். அவன்தான் பட்லர்.

கோப்பையை உயர்த்தியவர்களின் வரலாறு நமக்குப் பாடமாக வைக்கப்பட்டது. ஆண்டும் தேதியும் பிழையின்றி ஒப்புவித்தோம். தவறினால் பிரம்படியும் பட்டோம். கோப்பையை நிரப்பியவனின் வரலாற்றை யார் நமக்குச் சொன்னார்கள்? நாமாகத் தேடிப் படித்தால்தான் உண்டு. அப்படித் தேடியபோது கிடைத்த ஒரு பட்லரின் வரலாற்றைத்தான் இங்கே தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன்னர், அந்தத் தொழிலின் பெயரைப் பற்றிச் சிறிது.

பட்லர் என்ற சொல் புட்டியிலே பிறந்தது. புட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, மதுப்புட்டிகளின் காவலன் என்று பொருள்பட்டது. அரசனுடைய அரண்மனையில் மதுவைக் காப்பவன் சாதாரண ஆளாக இருக்க முடியுமா? நஞ்சு கலந்துவிட்டால் நாடே கைமாறுமே! ஆகவே அது பிரபுக்களின் பதவி ஆயிற்று. 1185-ஆம் ஆண்டில் தியோபால்டு வால்டர் என்பவருக்கு அயர்லாந்தின் தலைமைப் பட்லர் என்ற பதவி, பரம்பரை உரிமையாகக் கிடைத்தது. அவருடைய வழித்தோன்றல்கள் பட்லர் என்பதையே குடும்பப் பெயராக்கிக் கொண்டனர். 1328-ல் ஆர்மண்டு பிரபுக்கள் ஆயினர். அயர்லாந்தில் வந்து இறங்கும் மதுவிலே ஒரு பங்கு அவர்களுக்கு. அந்தப் பங்குரிமையை 1811-ல் அரசாங்கம் திரும்ப வாங்கியபோது கொடுத்த தொகை 2,16,000 பவுண்டு! அறுநூறு ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தார் எத்தனை கோப்பைகளைத் தம் கையால் நிரப்பினார்கள் என்று நாம் கேட்கக் கூடாது. கேட்டால் வரலாறு தெரியாதவர்கள் என்பார்கள்.

பெயரும் பொருளும் பிரபுவிடம் தங்கிவிட்டன. வேலை மட்டும் படியிறங்கி ஏழையின் தோளிலே ஏறிற்று. ஒரே சொல்! மாளிகைக்குள்ளே அமர்ந்தவனுக்கு அது பட்டம். நின்றவனுக்கு அது ஊழியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில், பட்லர் என்பவர் வீட்டுக்குள் வேலை செய்யும் ஆண் பணியாளர்களுக்குத் தலைவராக இருந்தார். மது நிலவறையின் சாவி அவரிடம். வெள்ளிப் பாத்திரங்களின் பொறுப்பு அவருடையது. மேசையில் எது முன்னே, எது பின்னே என்று வகுப்பவர் அவர். வாசலில் வந்து நிற்பவரை உள்ளே அழைப்பதா, இல்லை என்று சொல்லி அனுப்புவதா என்பதைக்கூட எசமானின் முகக்குறிப்பறிந்து செய்பவர் அவர். அவருக்குக் கீழே எடுபிடி ஆட்கள். அந்த ஆட்களுக்குச் சில வீடுகளில் சொந்தப் பெயர்கூட இருக்கவில்லை. பெற்றோர் எந்தப் பெயரை வைத்திருந்தாலும், இந்த வீட்டில் நீ ஜான், நீ ஜேம்ஸ் என்று எசமானி பெயர் சூட்டிவிடுவாள். ஆள் மாறினாலும் பெயர் மாறாது!

ஊதியத்திலும் ஏணிப்படிகள் உண்டு. 1861-ல் வெளிவந்த திருமதி பீட்டனின் புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூல், பட்லருக்கு ஆண்டுக்கு 25 முதல் 50 பவுண்டு வரை என்று குறிக்கிறது. அடுப்பு மூட்டுவதிலிருந்து படி கழுவுவது வரை அனைத்தையும் ஒருத்தியாகவே செய்யும் வேலைக்காரிக்கு 9 முதல் 14 பவுண்டு வரை. பணியாளருக்குள்ளேயே மேல்படி, கீழ்படி! மேலே இருப்பவனை நோக்கிக் கைகட்டுவதும், கீழே இருப்பவனைப் பார்த்துக் கண்ணை உருட்டுவதும் ஒரே ஆளுக்குப் பழக்கமாகிவிடும்போது, எசமானுக்கு வேறு காவல் வேண்டியதில்லை.

ஆண் பணியாளை வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம் என்பதால் அரசாங்கம் அதற்கும் வரி போட்டது. 1777-ல், நார்த் பிரபு தலைமை அமைச்சராக இருந்தபோது, ஆள் ஒன்றுக்கு ஒரு கினி வரி. எதற்காக? அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை கேட்டுக் கிளர்ந்தெழுந்தன. அவற்றை அடக்கும் போருக்குப் பணம் தேவைப்பட்டது. அந்த வரி வெவ்வேறு வடிவங்களில் 1937 வரை நீடித்தது. இந்தப் போரைத் தோழர்கள் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் அது மீண்டும் நம் கதைக்குள்ளே வரும்.

நம் சென்னையிலும் பட்லர்கள் இருந்தார்கள். துரை வீட்டின் பங்கா இழுப்பவன், குதிரைக்காரன், சமையற்காரன், ஆயா அத்தனை பேருக்கும் மேலாக நின்று, காலையில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி, மாலையில் கணக்கு ஒப்புவித்தவர்கள். அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்குப் 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயரிட்டு நகைத்தார்கள். 'சொல்வேன்' என்பதற்கு 'ஐ டெல்லிங்', 'சொல்லிவிட்டேன்' என்பதற்கு 'ஐ டன் டெல்' என்பது போன்ற பேச்சு அது. நாமும் சேர்ந்து நகைத்திருக்கிறோம். இன்றும் ஒருவருடைய ஆங்கிலத்தைப் பழிக்க அந்தச் சொல்லைத்தானே எடுக்கிறோம்! ஆனால், ஹூகோ ஷூகார்ட் என்ற மொழியியல் அறிஞர் நகைக்கவில்லை. 1891-ல் இந்திய ஆங்கிலத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வில் அந்தப் பேச்சுக்கும் விதிமுறை உண்டு என்று கண்டு, ஒரு மொழியை ஆராய்வது போலவே ஆராய்ந்தார். பள்ளியும் இல்லாமல், ஆசானும் இல்லாமல், கேட்டுக் கேட்டே அயல்மொழியைக் கற்று அதிலே கணக்கும் ஒப்புவித்தவனை நகைத்தோம். இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் நாலு வாக்கியம் தமிழில் பேசத் தெரியாமல் கப்பலேறிய துரையை யாராவது நகைத்ததுண்டா?

அந்தச் சென்னைப் பட்லர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. கடலுக்கு அப்பால் ஒரு பட்லர் பெற்றார். பெற்றார் என்பதைவிட, எடுத்துக்கொண்டார் என்பது பொருந்தும். அவர் பெயர் ராபர்ட் ராபர்ட்ஸ். கறுப்பர். அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து வடக்கே வந்தவர். அந்தத் தென் கரோலினாவில், அடிமைக்கு எழுதக் கற்பிப்பவனுக்கு நூறு பவுண்டு அபராதம் என்று 1740-லேயே சட்டம் இருந்தது. எழுத்தைக் கற்பித்தால் தண்டனை என்று படிக்கும்போது தோழர்களுக்கு வேறு ஏதோ ஒரு நாட்டின், வேறு ஏதோ ஒரு பழைய நூலின் நினைவு வருகிறதா? வரட்டும்.

வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, 1783-ல் நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமை முறை ஒழிந்திருந்தது. ஒழிந்தது விலங்கு மட்டும்தான்! பள்ளியிலே தனி இடம், கோயிலிலே தனி இடம், தொழிலிலே கதவடைப்பு. கறுப்பருக்கு எட்டக்கூடியதாக இருந்த சில தொழில்களில் வீட்டு ஊழியம் ஒன்று. ராபர்ட்ஸ் அந்தத் தொழிலில் இறங்கினார். துணி ஆலைகளால் பெருஞ்செல்வரான நேதன் ஆப்பிள்டனிடம் வேலை பார்த்தார். பின்னர், 1825-ல், வால்தம் என்ற ஊரில் கிறிஸ்டபர் கோரின் மாளிகைக்குப் பட்லராக வந்து சேர்ந்தார். கோர் சாதாரண ஆள் அல்ல; மாசசூசெட்சின் ஆளுநராகவும், அமெரிக்கச் செனட் உறுப்பினராகவும் இருந்தவர். இங்கிலாந்தில் பல ஆண்டு வாழ்ந்து, அந்த நாட்டுப் பிரபுக்களின் பாணியிலே 1806-ல் கட்டிய மாளிகை அது. இன்றும் காட்சிக்கூடமாக நிற்கிறது.

அந்த மாளிகையில் வேலை பார்த்துக்கொண்டே ராபர்ட்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுப் பணியாளர் கையேடு என்று அதைச் சொல்லலாம். 1827-ல் பாஸ்டன் நகரில் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதி, வணிகப் பதிப்பகம் வெளியிட்ட முதல் நூல்களுள் அது ஒன்று. அடுத்த ஆண்டே இரண்டாம் பதிப்பு, 1843-ல் மூன்றாம் பதிப்பு. தம் பட்லரின் நூலைப் பாராட்டிக் கோர் எழுதிய கடிதமும் அதிலே சேர்க்கப்பட்டது. கறுப்பன் எழுதினான் என்றால் யார் வாங்குவார்கள் என்ற அச்சம் பதிப்பாளருக்கு இருந்திருக்கக்கூடும். ஆளுநராக இருந்தவரின் கடிதம் அந்த அச்சத்துக்கு மருந்து.

ஜோசப், டேவிட் என்ற இரண்டு இளைஞர்களை விளித்து, ஊழியத்துக்குப் புகப்போகும் அவர்களுக்கு அண்ணன் அறிவுரை சொல்வது போலத் தொடங்குகிறது நூல். வைகறையில், வீட்டார் விழிக்குமுன் எழுந்துவிடு என்கிறார். காலை அழுக்கு வேலைக்கு ஓர் உடை, மேசையருகே நிற்க வேறு உடை என்கிறார். விளக்குத் திரியை ஒழுங்காகக் கத்தரிப்பது, கத்தியைத் துலக்குவது, காலணிக்கு மை காய்ச்சுவது, மஹாகனி மேசைக்கு மெருகேற்றுவது, எலுமிச்சைப் பானம் கலப்பது, அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த லீஹை நிலக்கரியை அணையாமல் எரியவைப்பது என்று வரிசையாகச் செல்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கைமுறைகள்! அவற்றில் சில பிற நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பல, கையால் செய்து பழகியவனுக்கு மட்டுமே தெரிந்தவை. எந்த வேதியியல் கூடமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. இருந்தும், எந்தக் கறைக்கு எந்தப் பொருள், எந்த மரத்துக்கு எந்த எண்ணெய் என்று சோதித்துச் சொல்லும் மனம் அந்த நூல் நெடுகத் தெரிகிறது.

நூலின் இன்னொரு பகுதி நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. பணியாளருக்கு அறிவுரை சொன்ன கையோடு, குடும்பத் தலைவர்களுக்கும் அறிவுரை சொல்ல முற்படுகிறார்! பணியாளரை எப்படி நடத்த வேண்டும் என்று, நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அச்சிலே எடுத்துரைக்கிறார். 1827-ல்! தென்பகுதியிலே இலட்சக்கணக்கான கறுப்பர்கள் சந்தையில் விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்!

தோழர் ஒருவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: "பணிவையும் பக்தியையும் போதிக்கும் புத்தகம்தானே இது? எசமானுக்குப் பிடித்தபடி நடக்கக் கற்றுக்கொடுப்பவனை நாம் ஏன் போற்ற வேண்டும்?" கேள்வி நியாயமானது, நாமும் கேட்டுக்கொண்டோம். நூலிலே பணிவு உண்டு, பக்தி உண்டு, எசமானின் மனங்கோணாமல் நடக்கச் சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. அவற்றை மறைத்துவிட்டு அவரைப் புரட்சிக்காரராக அலங்கரித்துக் காட்ட நாம் விரும்பவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன், அடிமைகளை வைத்திருந்த அந்தப் பெரும்பண்ணையார், தம் மாளிகையில் இந்நூலின் ஒரு படியை வைத்திருந்தார். ஊழியம் சிறப்பாக நடக்க வேண்டும் என்பதுதானே அவருக்குத் தேவை! எழுதியவரின் நிறத்தை அவர் எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ.

ஆனால் அந்தப் பட்லர், வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனபின் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். நூலிலே இல்லாத ராபர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறார்.

அவருடைய முதல் மனைவி டாரதி. அவளுடைய தந்தை ஜூட் ஹால், அடிமையாயிருந்து, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கர் குன்றுப் போர் தொட்டுத் துப்பாக்கி ஏந்திய கறுப்பு வீரர். இங்கிலாந்தின் பட்லர்கள் தலைக்கு ஒரு கினி வரி போட்டு நடத்தப்பட்டதே, அதே போரின் மறுபக்கத்திலே நின்றவர்! நாட்டின் விடுதலைக்காகப் போரிட்ட அவருக்கு நாடு தந்த பரிசு என்ன தெரியுமா? அவருடைய பிள்ளைகள் மூவர், சுதந்திர மனிதர்களாகப் பிறந்த மூவர், வெவ்வேறு சமயங்களில் கடத்தப்பட்டு அடிமைகளாக்கப்பட்டனர். அந்தக் கொடுமையை 1833-ல் பிரமாணமாக எழுதிக் கொடுத்து உலகறியச் செய்தவர் மருமகன் ராபர்ட்ஸ்தான். மௌனமே அணிகலன் என்று பழக்கப்பட்ட பட்லர், பெயரையும் ஊரையும் விடாமல் எழுத்திலே வைத்தார்.

டாரதி இறந்தபின் அவர் மணந்த சாரா, ஈஸ்டன் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பம் கோயிலிலே பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். பணம் கொடுத்து, கோயிலில் ஓர் இருக்கை வரிசையை விலைக்கு வாங்கினார்கள். அடுத்த முறை வந்து பார்த்தால் அதன்மேல் தார் பூசப்பட்டிருந்தது! தங்கள் இருக்கையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டனர். அதையும் தூக்கி எறிந்தார்கள். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்தார்கள். உள்ளே பிரசங்கம் நடந்தது. எல்லோரும் ஆண்டவனின் பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கறுப்பர்களைத் திரட்டி ஆப்பிரிக்காவுக்கே கப்பலேற்றிவிடலாம் என்று ஒரு திட்டம் அப்போது அமெரிக்காவில் பலமாகப் பேசப்பட்டது. அதற்கென்று 1816-ல் ஒரு சங்கமே தோன்றியிருந்தது. பெரிய மனிதர்களெல்லாம் அதன் புரவலர்கள். பாஸ்டன் கறுப்பர்கள் அதை எதிர்த்துக் கூடினார்கள். எங்கள் வியர்வையால் விளைந்த நாடு இது, இங்கிருந்து நாங்கள் ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ராபர்ட்சும் ஒருவர்.

மகன் பெஞ்சமின் 1815-ல் பிறந்தார். தந்தை ஒரு நூலை எழுதினார். மகன் அச்சுத்தொழிலையே மேற்கொண்டார். 1838-ல் அடிமை முறையை எதிர்த்து ஒரு பத்திரிகை தொடங்கினார், நீண்டநாள் நிற்கவில்லை. 1853-ல் இன்னொன்று. நம் இயக்கத்தின் சிற்றேடுகளை நடத்தியவர்களுக்குத் தெரியும் அந்தக் கதை: எழுத ஆள் உண்டு, படிக்க ஆள் உண்டு, காகிதக் கடன் தீர்க்க மட்டும் ஆள் இருக்காது!

பெஞ்சமினின் மகளுக்குப் பாட்டியின் பெயரே: சாரா. வயது ஐந்து. பள்ளியில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து 900 அடி தூரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. ஆனால் அது வெள்ளைக் குழந்தைகளுக்கு. கறுப்புக் குழந்தைகளுக்கென்று பெல்நாப் தெருவில் ஸ்மித் பள்ளி இருக்கிறது, அங்கே போ என்றார்கள். அது 2,100 அடி. அங்கே போய்ச் சேருமுன் அந்தச் சின்னஞ்சிறுமி ஐந்து பள்ளிகளைக் கடக்க வேண்டும். பாஸ்டன் பனியிலே, ஐந்து கதவுகளைப் பார்த்துக்கொண்டே! பெஞ்சமின் நான்கு முறை விண்ணப்பித்தார். நான்கு முறையும் மறுத்தார்கள். பள்ளியிலிருந்து முறைகேடாக விலக்கப்படும் குழந்தை நகரத்தின்மீது வழக்குத் தொடரலாம் என்று 1845-ல் சட்டம் ஒன்று வந்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு, பாஸ்டன் நகரத்தின்மீதே வழக்குத் தொடுத்தார்.

வழக்கை நடத்தியவர்கள் இருவர். ஒருவர், அமெரிக்காவின் முதல் கறுப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மோரிஸ். மற்றவர், பின்னாளில் செனட்டில் அடிமை முறையை எதிர்த்து முழங்கிய சார்ல்ஸ் சம்னர். 1849 டிசம்பர் 4 அன்று சம்னர் வாதாடினார். அந்த வாதத்தின் ஓரிடத்தில் நம் கண் நின்றுவிட்டது. நிறத்தைக் காட்டிக் குழந்தைகளைப் பிரிக்கும் இந்தக் கொடுமைக்கு என்ன பெயரிடுவது என்று தேடிய அவர், கண்டெடுத்த சொல் — சாதி! இந்தியாவிலே மனிதரை மனிதர் தள்ளிவைக்கும் சாதி முறைதான் பாஸ்டன் பள்ளிகளிலே வேறு வேடத்தில் நிற்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். சான்றாக, கல்கத்தா பிஷப்பாக இருந்த ஹீபர் சாதியைக் கண்டித்துச் சொன்னதை நீதிமன்றத்திலே படித்தார். எந்த ஹீபர்? 1826-ல் நம் திருச்சிராப்பள்ளியிலே உயிர்நீத்து, இன்றும் அந்நகரத்துக் கல்லூரியின் பெயரிலே வாழ்கிறாரே, அதே ஹீபர்தான். பாஸ்டன் பட்லரின் பேத்திக்குப் பள்ளிக்கதவு திறக்கவேண்டி நடந்த வழக்கில், நம் நாட்டுச் சாதிக்கொடுமை சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டது. உலகத்துக்கு நாம் கொடுத்த பண்டங்கள் மிளகும் மஸ்லினும் மட்டுமல்லவே! அநீதிக்கு அளவுகோல் தேவைப்பட்டவர்களுக்கு அளவுகோலையும் அல்லவா கொடுத்திருக்கிறோம்!

1850-ல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி லெமுவேல் ஷா. வழக்கு தள்ளுபடி! தனிப்பள்ளி வைப்பது நகரப் பள்ளிக் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்றார் நீதிபதி. வெறுப்பு இருக்கிறதென்றால் அதைச் சட்டம் உண்டாக்கவில்லை, சட்டத்தால் மாற்றவும் இயலாது போலும் என்ற கருத்தையும் சொன்னார். அந்தத் தீர்ப்பு அங்கேயே கிடக்கவில்லை. 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இரயில் பெட்டியிலே கறுப்பருக்குத் தனி இடம் வைப்பது செல்லும் என்று பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தபோது, இந்தச் சாரா வழக்கின் தீர்ப்பையே துணைக்கு இழுத்தது. ஐந்து வயதுச் சிறுமிக்கு எதிரான அந்தச் சொற்கள், ஒரு நாடு முழுவதையும் பிரித்து வைக்கும் சுவருக்குக் கல்லாயின. பள்ளிகளைப் பொறுத்தவரை 1954-ல்தான் உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கிலே அந்தச் சுவரை இடித்தது.

பாஸ்டனில் மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. பெஞ்சமின் ஓயவில்லை. மாநிலம் முழுதும் சுற்றிக் கையெழுத்துத் திரட்டினார். வில்லியம் நெல் என்ற கறுப்பு எழுத்தாளர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியிலே பெற்றோர் பலர் ஸ்மித் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். 1855 ஏப்ரலில், நிறத்தைக் காட்டியோ மதத்தைக் காட்டியோ பொதுப்பள்ளியில் எந்தக் குழந்தையையும் விலக்கக்கூடாது என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. ஸ்மித் பள்ளி மூடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கறுப்புப் பிள்ளைகள் தத்தம் தெருவின் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். சாரா அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தாள். தொடக்கப்பள்ளியின் வயது கடந்துவிட்டது.

ராபர்ட் ராபர்ட்ஸ் 1860-ல்தான் இறந்தார். எத்தனையோ கனவான்களுக்குக் கதவு திறந்துவிட்ட அந்தக் கிழவர், பாஸ்டன் பள்ளிகளின் கதவு திறந்த அந்தச் செப்டம்பர் மாதத்தில் உயிரோடு இருந்தார்.